ஒரு ரப்பர் மூடிக்குக் காப்புரிமை கிடைக்குமா?

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோட சார்ஜிங் போர்ட்டைப் பாருங்க. பின்களுக்கு மேல ஒரு ரப்பர் மூடி, அது தொலையாம இருக்க ஒரு சின்னப் பட்டை. தண்ணியும் தூசியும் உள்ளே போகாம தடுக்கிறதுதான் அதோட வேலை. இந்த மாதிரி ஒரு சீலிங் கவரை நீங்க புராஜெக்ட்டா வடிவமைச்சா, "இதுக்குப் பேட்டன்ட் போடலாமா?"ங்கிற கேள்வி கண்டிப்பா வரும். வழக்கமா வர்ற பதில் ரெண்டு. ஒண்ணு, "வெறும் ரப்பர்தானே, இதுல என்ன இருக்கு?" இன்னொண்ணு, "போட்டு வை, ரெஸ்யூமுக்கு நல்லது."

ரெண்டுமே மதிப்பீடு இல்லை. பொருள் சின்னதா இருக்கிறதால காப்புரிமை மறுக்கப்படாது. நீங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்சீங்கங்கிறதால கிடைக்கவும் கிடைக்காது. ஏற்கனவே உலகத்துல இருக்கிறதுக்கும் உங்க மூடிக்கும் என்ன வித்தியாசம், அந்த வித்தியாசம் என்ன வேலை செய்யுது என்பதுதான் கேள்வி. ஒரு மூடியை உதாரணமா எடுத்துக்கிட்டு, இந்தக் கேள்விக்குப் படிப்படியா பதில் தேடலாம்.

முதல்ல பிரச்சினை என்ன?

மூடின்னா இறுக்கமா இருந்தா போதும்னு தோணும். ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வெயில்ல நிக்கிற வண்டியில மூடிக்குள்ள இருக்கிற காற்று 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகுது. விரிவடைஞ்ச காற்றுல கொஞ்சம் சீலைத் தாண்டி வெளியே போயிடுது. திடீர்னு மழை. உள்ளே 25 டிகிரிக்குக் குளிருது. கெல்வின்ல பார்த்தா 333-லிருந்து 298. மூடி வளையவே இல்லைன்னு வெச்சுக்கிட்டா, உள்ளழுத்தம் சுமார் 10 சதவீதம் குறையும். அதாவது ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல். இது ஒரு மீட்டர் உயரத் தண்ணி கொடுக்கிற அழுத்தத்துக்குச் சமம்!

ஐபி67 என்பதில் கடைசி 7-க்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில 30 நிமிஷம் தாங்கணும் என்பது. வண்டி தண்ணியில மூழ்காமலே, ஒரு மழையில அதே அளவு அழுத்த வித்தியாசம் வந்துடுது. வெளியில இருக்கிற ஈரத்தை மூடியே உள்ளே உறிஞ்சுது. சரி, சீலை இன்னும் இறுக்கலாமே? இறுக்கினா மூடியைக் கையால கழற்ற முடியாது. கழற்றக் கஷ்டமா இருந்தா, வண்டிக்காரர் அதைத் திறந்தே தொங்க விட்டுடுவார்.

இறுக்கமும் வேணும், சுலபமா கழலவும் வேணும். இந்த முரண்பாட்டை மனசுல வெச்சுக்குங்க. காப்புரிமை வாதம் முழுக்க இதை வெச்சுதான் நடக்கப் போகுது.

சட்டம் கேட்கிறது மூணு

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 கேட்கிறது சுருக்கமா இதுதான்: புதுசா இருக்கணும், இன்வென்டிவ் ஸ்டெப் இருக்கணும், தொழில்துறையில பயன்படணும். மூணாவது, மூடிக்குப் பிரச்சினையே இல்லை. அச்சுல வார்த்துத் தயாரிக்கலாம், விக்கலாம். சண்டை முதல் ரெண்டுலதான்.

இது தவிர, எதெல்லாம் கண்டுபிடிப்பே இல்லைன்னு பிரிவு 3 ஒரு பட்டியல் போடுது. அதுல நமக்கு முக்கியமானது 3(எஃப்). தெரிஞ்ச சாதனங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொண்ணும் தனித்தனியா தன் பழைய வேலையையே செஞ்சா, அது கண்டுபிடிப்பு இல்லை. மூடி சீல் பண்ணுது, பட்டை மூடி தொலையாம பாத்துக்குது. ஒண்ணுக்கொண்ணு உதவலை. "பட்டையோட கூடிய மூடி"ன்னு மட்டும் எழுதிக் கொண்டுபோனா இங்கேயே நின்னுடும்.

அம்சங்களைப் பிரிங்க

மதிப்பீட்டோட முதல் வேலை, பொருளைத் துண்டு துண்டா எழுதுறது. நம்ம உதாரண மூடி இப்படின்னு வெச்சுக்கலாம்:

அ. கனெக்டர் வாயை மூடும் சிலிக்கோன் மூடி.
ஆ. மூடியின் உள்சுவரில் ரெண்டு வளைய லிப்.
இ. மூடியை வண்டியோடு இணைக்கும் பட்டை.

உறிஞ்சும் பிரச்சினைக்கு உங்க டீம்ல ரெண்டு யோசனை வருது:

ஈ. காற்றை விட்டு, தண்ணியைத் தடுக்கும் ஒரு மெம்பிரேன் வட்டம் மூடியில.
உ. இழுக்கும் காதை நேரடியா லிப்போட இணைக்கிறது. காதை இழுத்தா முதல்ல லிப்போட ஒரு சின்னப் பகுதி மட்டும் மடங்கி வெளிக்காற்று உள்ளே போகும். அழுத்தம் சமமானதும் அதே இழுப்புல மூடி கழலும்.

ஆக முதல் வடிவம் அ+ஆ+இ+ஈ. இரண்டாம் வடிவம் அ+ஆ+இ+உ.

தேடல்: உங்க வார்த்தையில தேடினா கிடைக்காது

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தோட எஸ்பாசெநெட், வைப்போவோட பேட்டன்ட்ஸ்கோப், இந்திய அலுவலகத்தோட இன்பாஸ். நாலுமே இலவசம். ஆனா "சீலிங் கவர்"னு மட்டும் தேடிட்டு "ஒண்ணுமே இல்லை"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அதே பொருளை ஒருத்தர் கேப்னு எழுதியிருப்பார், இன்னொருத்தர் பிளக், பூட், ஷ்ரவுட், க்ளோஷர்னு எழுதியிருப்பார்.

அதனால வகைப்பாட்டு எண்ணை வெச்சுத் தேடுங்க. தூசி, தண்ணி புகாத கனெக்டர் உறைகளுக்கான எண் எச்01ஆர் 13/52. எந்த நாட்டு விண்ணப்பமா இருந்தாலும், எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், இந்த எண்ணுக்குள்ள வந்து விழும். வார்த்தையையும் எண்ணையும் சேர்த்துத் தேடுறதுதான் சரியான வழி.

இன்னும் மூணு விஷயம். காலாவதியான காப்புரிமையும் கணக்குல வரும். கனெக்டர் கம்பெனிகளோட பழைய கேட்டலாக் பக்கமும் வரும். புதுமையைப் பார்க்கும்போது கிளைமை மட்டும் படிச்சா போதாது. வரைபடத்துல ஒரு ஓரமா உங்க லிப் இருந்தாலும் அது முன்பே வெளியானதுதான்.

புதுமை: ஒரே ஆவணத்துல எல்லாம் இருக்கா?

தேடல்ல மூணு ஆவணம் கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். முதலாவதுல அ, ஆ, இ மூணும் இருக்கு. இரண்டாவது, மெம்பிரேன் வெச்ச ஒரு ஹெட்லைட் உறை. மூணாவது, உள்ளே காற்றை விடுற சின்னக் காது வெச்ச ஒரு சாப்பாட்டு டப்பா மூடி.

புதுமைக்கான விதி ரொம்பக் கறாரானது, அதே சமயம் எளிமையானது. உங்க கிளைமோட எல்லா அம்சமும் ஒரே ஆவணத்துல இருந்தாதான் புதுமை போச்சு. ரெண்டு ஆவணத்தை ஒட்டவெச்சுப் புதுமையை உடைக்க முடியாது. அப்படிப் பார்த்தா அ+ஆ+இ காலி. முதல் வடிவமும் இரண்டாம் வடிவமும் இந்தக் கட்டத்தைத் தாண்டிடும்.

இங்கேயே சந்தோஷப்பட்டு நிறுத்திடுறவங்கதான் அதிகம். உண்மையான பரீட்சை அடுத்தது.

இன்வென்டிவ் ஸ்டெப்: ஒட்டவெச்சாலும் தாங்குமா?

இப்போ பரிசோதகர் ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். அவர் கற்பனை பண்றது, அந்தத் துறையில நல்லா தேர்ந்த, ஆனா பெரிய கற்பனை வளம் இல்லாத ஒரு சராசரி இன்ஜினியரை. அவருக்கு இது வெளிப்படையா தோணியிருக்குமா?

முதல் வடிவம். பழைய மூடிக்கும் இதுக்கும் வித்தியாசம் மெம்பிரேன் மட்டும்தான். அது என்ன செய்யுது? அழுத்தத்தைச் சமன் பண்ணுது. ஹெட்லைட்லயும் கன்ட்ரோல் யூனிட் உறைகள்லயும் அதே பிரச்சினைக்கு அதே தீர்வு பல வருஷமா இருக்கு. கனெக்டர் இன்ஜினியர் அதை எடுத்து மூடியில வெச்சுப் பார்ப்பார். எதிர்பார்த்தது அப்படியே நடக்கும். ஆக, வெளிப்படை.

இதுக்கு ஒரு புகழ்பெற்ற முன்னுதாரணம், 2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கு. நிலையை மாத்தி அமைக்கக்கூடிய ஆக்சிலரேட்டர் பெடல் ஏற்கனவே இருந்தது, எலெக்ட்ரானிக் சென்சாரும் இருந்தது. ரெண்டையும் சேர்த்தது வெளிப்படைன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. நம்ம நாட்டுலயும் 1978-ல் பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு இருக்கு. பாத்திரங்களைப் பாலிஷ் பண்ண லேத்துல பிடிச்சு வைக்கிற ஒரு அமைப்புக்கு வாங்கின காப்புரிமை அது. பட்டறையில வேலை தெரிஞ்சவர் சாதாரணமா செய்யக்கூடிய மேம்பாடு போதாதுன்னு சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. சின்ன மெக்கானிக்கல் சாதனம் எதுக்கு விண்ணப்பிச்சாலும் இந்தத் தீர்ப்பு உங்க முன்னாடி வந்து நிக்கும்.

இரண்டாம் வடிவம். வித்தியாசம், காது லிப்போட இணைஞ்சிருக்கிறது. பலன், சீலைத் தளர்த்தாமலே கழற்றும் விசை குறையுது. பரிசோதகர் டப்பா மூடியைக் காட்டி, "வெற்றிடத்தை விடுவிக்கிறது தெரிஞ்ச விஷயம்தானே?"ம்பார். உங்க பதில் எப்படி இருக்கணும்? கனெக்டர் இன்ஜினியர் டப்பா மூடியைப் பார்த்திருக்கலாம்தான். ஆனா இந்தப் பிரச்சினைக்காக அங்கே போய்த் தேடியிருப்பாரா? அங்கே காற்றை விட ஒரு தனித் துவாரம், தனி வேலை. இங்கே துவாரமே கிடையாது. ஒரே இழுப்புல முதல்ல காற்று, அப்புறம் மூடி. காதும் லிப்பும் ஒண்ணை ஒண்ணு சார்ந்து வேலை செய்யுது, அதனால 3(எஃப்)-ம் ஒட்டாது.

இது ஜெயிக்கும்னு உத்தரவாதம் இல்லை. ஆனா வாதாடக்கூடிய கேஸ். வாதத்தைத் தாங்குறது வார்த்தை இல்லை, டேட்டா. காது லிப்போட இணைஞ்ச மூடி, இணையாத மூடி ரெண்டையும் அதே ரப்பர்ல, அதே அளவுல செய்யுங்க. உள்ளே 10 கிலோபாஸ்கல் வெற்றிடம் வெச்சு, கழற்றும் விசையை ஸ்ப்ரிங் பேலன்ஸ்ல அளங்க. தண்ணியில முக்கி ஒழுகுதான்னு பாருங்க. பலமுறை கழற்றி மாட்டின பிறகு மறுபடியும் அளங்க. "இறுக்கமும் குறையலை, விசை மட்டும் குறைஞ்சிருக்கு"ன்னு ஒரு கிராஃப் இருந்தா, சட்டம் கேட்கிற தொழில்நுட்ப முன்னேற்றம் அதுதான்.

இப்போ கிளைமோட மையம் எதுன்னு தெளிவாயிடுச்சு: "இழுக்கும் காது லிப்பின் ஒரு பகுதியோடு இணைந்து, இழுக்கும்போது மூடி கழல்வதற்கு முன் அந்தப் பகுதி மட்டும் உள்நோக்கி மடங்கும் விதத்தில் அமைந்த கனெக்டர் மூடி." சிலிக்கோன்னும், ரெண்டு லிப்புன்னும் இங்கே எழுத வேண்டாம். எழுதினா, வேற ரப்பர்ல ஒரே லிப் வெச்சு ஒருத்தர் செஞ்சுட்டு நழுவிடுவார்.

எக்ஸ்போவுக்கு முன்னாடியா, அப்புறமா?

நம்ம மாணவர்கள் இழக்கிறது பெரும்பாலும் இங்கேதான். விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே வெளியிட்டாலும் அது முன்பே வெளியானதுதான். ஓபன் எக்ஸ்போவுல மூடியைக் கழற்றிக் காட்டுறது, லிங்க்ட்இன்ல வீடியோ போடுறது, எல்லாம் கணக்குல வரும். பிரிவு 31 தர்ற 12 மாச விலக்கு ரொம்பக் குறுகலானது. மத்திய அரசு அறிவிச்ச கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்துல படிக்கிற கட்டுரை மாதிரி சிலதுக்கு மட்டும்தான். டிபார்ட்மென்ட் சிம்போசியம் அதுல வராது.

தீர்வு, முதல்ல புரொவிஷனல் விண்ணப்பம். ஆன்லைன்ல தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். அந்தத் தேதி உங்களுது ஆயிடும், முழு விவரக் குறிப்பு கொடுக்க 12 மாசம் கிடைக்கும். ஆனா காதும் லிப்பும் இணையுற விவரம் புரொவிஷனல்லயே இருக்கணும். அதுல எழுதாத அம்சத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில இருக்கு, ஆனா நேர்ல போகத் தேவையில்லை.

"பப்ளிஷ்டு"ன்னா "கிராண்டட்" இல்லை

விண்ணப்பம் போட்டு 18 மாசம் ஆனா, சாதாரணமா எல்லாமே வெளியிடப்படும். அதுல யாரும் எதையும் பரிசோதிக்கிறதில்லை. பரிசோதனைக்குத் தனியா கோரிக்கை, தனிநபருக்கு ஆன்லைன்ல 4,000 ரூபாய் கட்டணம். அப்புறம் முதல் பரிசோதனை அறிக்கை வரும், பதில் சொல்ல 6 மாசம். இதையெல்லாம் தாண்டினாதான் காப்புரிமை, விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருஷம். ரெஸ்யூம்ல "பேட்டன்ட் பப்ளிஷ்டு"ன்னு போட்டா, இன்டர்வியூவுல "உங்க கிளைம் என்ன?"ன்னு ஒருத்தர் கேட்டாலே போதும்.

மதிப்பீட்டுல முதல் வடிவம்தான் உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சா? ஜெர்மனியிலயும் சீனாவிலயும் இருக்கிற யூட்டிலிட்டி மாடல் இந்தியாவுல கிடையாது. மூடியோட தோற்றம் தனித்துவமா இருந்தா டிசைன் பதிவு செய்யலாம். முதல்ல 10 வருஷம், புதுப்பிச்சா இன்னும் 5. ஆனா அது காக்கிறது தோற்றத்தை மட்டும்தான், சீல் வேலை செய்யும் விதத்தை இல்லை. எதுவுமே பொருந்தலைன்னா அதை வெளிப்படையா ரிப்போர்ட்ல எழுதுங்க. "தேடினோம், ஈ வெளிப்படை, அதனால உ-வை நோக்கி வடிவமைப்பை மாத்தினோம்"னு ஒரு பக்கம் இருந்தா அதுவே நல்ல இன்ஜினியரிங்.

அதனால தேடலைக் கடைசி ரிவ்யூவுக்கு வைக்காதீங்க. முதல் ஸ்கெட்ச் போட்ட வாரமே எச்01ஆர் 13/52-ஐத் திறந்து, அ, ஆ, இன்னு எழுதி, எது ஏற்கனவே இருக்குன்னு டிக் பண்ணுங்க. டிக் விழாத வரி எதுவோ, மிச்ச செமஸ்டரை அதுக்குச் செலவு பண்ணுங்க.