பெரியவர்கள் கற்கும் ஆங்கிலம்

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் ஆங்கிலம் கற்க வந்தால், உபாத்தியாயர்களில் பலர் உடனே எடுத்துக் கொடுப்பது குழந்தைகளின் முதற் பாடப் புத்தகத்தைத்தான். பூனையும் பாயுமாக, பந்தும் மட்டையுமாக இருக்கும் அதைக் கண்டதுமே பாதிப் பேருக்கு உற்சாகம் போய்விடுகிறது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் அல்லவா? பாஷைதான் அவர்களுக்குப் புதிதே யன்றி, உலகம் புதிதன்று.

ஆகவே அவர்களுக்குச் சிறுகதையே ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். கதை வழியே பாஷை கற்பிப்பது ஒன்றும் புது யோசனையல்ல. 1920-களில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளத்து மாணவர்களுக்குப் பேச்சைக் காட்டிலும் படிக்கும் திறமையே முதலில் வேண்டும் என்று கண்டு, அளவான சொற்களில் வாசகப் புத்தகங்கள் எழுதினார். 1953-ல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 சொற்களே.

சென்ற வருஷம் நம்மிடம் ஓர் அம்மையார் வந்தார். அவருடைய பேத்தி அயல்நாட்டில் பிறந்து வளர்கிறவள், தமிழ் தெரியாது. தொலைபேசியில் "ஹலோ" என்பதற்குமேல் பாட்டிக்கும் பேத்திக்கும் பேச்சு ஓடுவதில்லை.

ஆர். கே. நாராயணின் 'அன் அஸ்ட்ராலஜர்ஸ் டே' என்ற கதையை எடுத்துக்கொண்டோம். அதே பெயருள்ள தொகுதி வெளிவந்தது 1947-ல். சில பக்கங்களே உள்ள கதை. மரத்தடி ஜோசியன் ஒருவன். இருட்டிய பிறகு வரும் ஒரு வழிப்போக்கன். இருவருக்கும் காசுப் பேரம். (பேரத்தைப் படித்தபோது அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார், அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.) வழிப்போக்கன் சுருட்டுப் பற்றவைக்கிறான். தீக்குச்சி வெளிச்சத்தில் அவன் முகத்தைக் கண்ட ஜோசியன், வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போகப் பார்க்கிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "ஏன் அம்மா பயந்தான்?" என்று கேட்டோம்.

"ஹீ ஸீ ஹிம் பிஃபோர்!" என்றார், பளிச்சென்று.

இலக்கணம் பிழைதான், ஆனால் அப்போது திருத்தவில்லை. நடுவில் திருத்தினால் கதை நின்றுவிடும். கதை நின்றால் வாயும் அடைத்துப் போகும். மறுநாள் கதை முழுவதையும் தம் சொந்த வாக்கில் அவர் சொல்லி முடித்த பிறகே, "ஹாட் ஸீன்" என்பதை விளக்கினோம். 'பார்த்தான்' வேறு, 'பார்த்திருந்தான்' வேறு என்பது தமிழருக்குத் தெரியாததா? இந்தக் கதையின் மர்மமே, முன்பு நடந்துவிட்டிருந்த ஒரு காரியத்தில் இருக்கிறது. அது இன்னதென்று சொல்லி நேயர்களின் ரஸத்தைக் கெடுக்க மாட்டோம்.

'ஏ', 'தி' என்ற இரண்டும் நம்மவர்களுக்குத் தீராத தலைவலி. ஆனால் பாட்டிமார் கதை சொல்லும்போது முதலில் 'ஒரு ராஜா', அப்புறம் 'அந்த ராஜா' என்கிறார்கள் அல்லவா? வழிப்போக்கனும் முதலில் 'ஏ', பிறகு 'தி'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. சூரியனுக்கு எடுத்த எடுப்பிலேயே 'தி' போடுகிறார்கள். துவக்கத்துக்கு இது போதும்.

கதையைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஓ ஹென்றியின் கதைகளில் பலருக்கு மோகம் உண்டு, நமக்கும் உண்டு. ஆயினும் அவருடைய அலங்காரச் சொற்கள் புதிதாகக் கற்பவரை வரிக்கு வரி தடுக்கிவிடும். அவரை இரண்டாம் வருஷத்துக்கு ஒதுக்கி வைப்பது நலம்.

அம்மையார் இதுவரை ஆறு கதைகள் படித்திருக்கிறார். ஜோசியன் கதையைப் போன மாதம் பேத்திக்குத் தொலைபேசியில் சொன்னாராம். குழந்தை வரிக்கு வரி குறுக்கிட்டுத் திருத்தினாளாம். அவளுக்கு நமது முறை தெரியாது.