பாப்பாவின் எண்ணெய்க் குளியல்: தலைக்குச் சரி, மூக்குக்கு வேண்டாம்!

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தினமும் காலையில் ஒரு சின்னத் திருவிழாவே நடக்கும். அடுப்பில் வெந்நீர், கிண்ணத்தில் எண்ணெய், தட்டில் பயற்றமாவு, மூலையில் சாம்பிராணிக் கரண்டி. புடவையை வழித்துக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டிப் பாட்டி உட்கார்ந்துவிட்டால், "குழந்தையைக் கொண்டாம்மா!" என்று உத்தரவு வரும். அரை மணி நேரம் கழித்து, குளித்து முடித்த பாப்பா பாலைக் குடித்துவிட்டு அப்படியே சொக்கிப்போய்த் தூங்கும் அழகு இருக்கிறதே... அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

ஆனால் இந்தத் திருவிழாவில்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும் முதல் உரசலும் வருகிறது. "டாக்டர், எங்க அத்தை பாப்பா மூக்குல எண்ணெய் விடறாங்க. வேணாம்னு சொன்னா, 'உன் புருஷனை இப்படித்தான் வளர்த்தேன், கெட்டாபோயிட்டான்?'னு கேக்கறாங்க. நீங்க சித்த வைத்தியர்தானே, இது நம்ம வைத்தியம்தானே?" என்று கேட்காத இளம் தாய்மார்கள் குறைவு.

இதற்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். குழந்தையின் தோலுக்கு மேலே செய்வது குளியல். மூக்கு, வாய், காது, கண் வழியாக உள்ளே போவது மருந்து. குளியலைப் பாட்டி செய்யட்டும். மருந்தை வைத்தியர் சொல்லாமல் யாரும் கொடுக்க வேண்டாம். இந்த ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொண்டால் போதும். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தேய்ப்பது நல்லது

முதலில் பாட்டி பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் தோல் மிக மெல்லியது, சீக்கிரம் வறண்டுபோகும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ லேசாகத் தடவினால் அந்த வறட்சி குறையும். இதமாகத் தேய்த்துவிட்டால் அழுகை அடங்கும், தூக்கம் நன்றாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கையின் சூட்டில் குழந்தைக்கு 'நம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது' என்ற தெம்பு கிடைக்கிறது.

அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. பிறந்து 24 மணி நேரம் ஆகும்வரை குளிப்பாட்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறைந்த குழந்தை, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை என்றால் டாக்டர் 'சரி' சொன்ன பிறகுதான் குளியல். தொப்புள்கொடி விழும்வரை அதன்மேல் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் தானாகவே காய்ந்து விழுந்துவிடும்.

பால் குடித்த கையோடு குளிப்பாட்டாதீர்கள், கக்கிவிடும். பாத்திரத்தில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதில் வெந்நீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பாருங்கள். சுடக்கூடாது, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளியல் ஐந்து, பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடட்டும். 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசி போடுவார்கள் அல்லவா? ஊசி போட்ட இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடுங்கள்.

மூக்கில் எண்ணெய் ஏன் கூடாது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நமக்குத் தண்ணீர் புரையேறினால் என்ன ஆகிறது? உடனே இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். எண்ணெய் அப்படியில்லை. வழவழப்பாக, இருமலைக் கிளப்பாமல், சத்தமில்லாமல் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இறங்கிய எண்ணெயைக் கரைத்து வெளியேற்ற நுரையீரலுக்குத் தெரியாது. அது அங்கேயே தங்கி, அந்த இடத்தைப் புண்ணாக்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தினம் இரண்டு சொட்டு என்று சேர்ந்துகொண்டே போனால், ஒருநாள் குழந்தைக்கு மூச்சு வாங்கும். 'சளி பிடிச்சிருக்கு' என்று சொல்லி, அதற்கும் இன்னும் இரண்டு சொட்டு விடுவார்கள்!

"நம்ம வைத்தியத்துல நசியம்னு இருக்கே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேரையரின் பிணியணுகா விதியிலேயே நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியமும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை வளர்ந்தவர்களுக்கான நாளொழுக்கம். நசியம் செய்துகொள்கிறவர் தொண்டைக்கு இறங்குவதைக் காறித் துப்பத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மூன்று மாதக் குழந்தைக்குத் துப்பத் தெரியுமா? ஆகவே, 'சித்தர்கள் சொன்னது' என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

வாயால் மூக்கை ஊதுவதும் வேண்டாம். பெரியவர்கள் வாயில் இருக்கிற கிருமிகளைக் குழந்தையின் மூக்குக்குள் அனுப்புகிற வேலை அது. தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பதும், 'தொக்கம்' எடுப்பதும் கூடவே கூடாது. மூக்கு அடைத்திருந்தால் டாக்டரிடம் கேட்டு, மூக்குக்கென்றே வரும் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்கு முன்னால் விடலாம். அது போதும்.

காது, கண், மார்பு

காதுக்குள் அழுக்கு தானாகவே வெளியே வந்துவிடும். எண்ணெயும் வேண்டாம், பஞ்சுக் குச்சியும் வேண்டாம். வெளிமடலை மட்டும் துணியால் துடையுங்கள். கண்ணுக்குள் மை தீட்டாதீர்கள். சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. குழந்தை கண்ணைக் கசக்கி அதே கையை வாயில் வைத்துக்கொள்ளும். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில், கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிறந்த சில நாட்களில், ஆண் பெண் இரண்டு குழந்தைகளுக்குமே மார்பு சற்று வீங்கி, துளி பால்கூட வரலாம். தாயின் உடம்பிலிருந்து வந்த சுரப்புநீரால் வரும் வீக்கம் அது, சில வாரங்களில் தானே வடிந்துவிடும். "பாலைப் பிழிஞ்சு எடுக்கணும்" என்று அழுத்தினால் சீழ் பிடித்து, ஆபரேஷன் வரைக்கும் போகும்.

தலைகீழாகத் தூக்காதீர்கள்

குளிப்பாட்டி முடித்ததும் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறுவது சில வீடுகளில் வழக்கம். 'உரம் விழுந்திடுச்சு' என்று சேலையில் போட்டு உருட்டுவதும் உண்டு. குழந்தைக்குத் தலை நிற்கவே ஏறக்குறைய நாலு மாதம் ஆகும். அதுவரை அந்தக் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் கிடையாது. வேகமாகக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தக் கசிவே ஏற்படலாம்.

உச்சிக்குழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்ளும். அதில் எண்ணெயைத் தேக்கி வைப்பதால் சீக்கிரம் மூடாது. ஆனால் வயிற்றுப்போக்கு இருக்கும்போது அந்தக் குழி உள்வாங்கினால், உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். அப்போது தேவை எண்ணெய் அல்ல, ஆஸ்பத்திரி.

சாம்பிராணியும் உரை மருந்தும்

சாம்பிராணி வாசனை எனக்கும் பிடிக்கும். ஆனால் புகை புகைதான். சின்னஞ்சிறு மூச்சுக்குழாயை அது எரிச்சல்படுத்தும், இழுப்பு உள்ள குழந்தைக்கு இன்னும் மோசம். கதவைச் சாத்திய அறையில் கரி நெருப்பு வைப்பதும் ஆபத்து. மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தாலே பிஞ்சுத் தலை காய்ந்துவிடும்.

அடுத்தது உரைகல். மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய், வசம்பு... எல்லாம் நம் மருந்துச் சரக்குகள்தான், மறுக்கவில்லை. மருந்து என்பதாலேயே அளவு வேண்டும். உரைகல்லில் இழைத்த விழுதில் எத்தனை அளவு இறங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? சாதிக்காய் கூடினால் மயக்கம் வரும். 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் வாங்கிய வசம்பிலும் கூடினால் கேடு செய்யும் சத்து இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். வசம்பு வளையலைக் கையில் கட்டினாலும் குழந்தை அதைச் சப்பத்தான் செய்யும், ஆகவே அதுவும் வேண்டாம்.

பிறந்ததும் சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன் தொட்டு வைப்பதையும் விட்டுவிடுங்கள். தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். நமக்கு அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அது முளைத்து, விஷத்தைக் கக்கி, தசைகளைச் செயலிழக்க வைக்கும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

"நாங்க வளர்க்கலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. வளர்த்தார்கள், உண்மை. ஆனால் 1971-ல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைக் காணாமலே போயின. பல காரணங்கள், எண்ணெய் மட்டும் அல்ல. பிழைத்தவர்கள் நம் கண்ணெதிரே இருக்கிறோம். போனவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. எண்ணெய் இறங்கியது ஒரு நாள், மூச்சு வாங்கியது இன்னொரு நாள் என்பதால், இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவும் இல்லை.

இதைச் சொல்லி அவர்களைக் குத்திக்காட்டாதீர்கள். "அத்தை, தேய்க்கிறது குளிப்பாட்டுறது எல்லாம் நீங்கதான். மூக்குல மட்டும் விட வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பாட்டியையும் அழைத்துப் போங்கள். அப்பாக்களே, இதில் உங்களுக்கும் வேலை உண்டு. உங்கள் அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள்தான். வீட்டுக்கு வந்த பெண்ணைத் தனியாக வாதாட விடாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

* பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால்.

* அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ணிப் பார்த்து, 2 மாதத்துக்குள் நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால்.

* 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் அடித்தால்.

* வலிப்பு வந்தால், உதடு நீலம் பாரித்தால்.

இதில் எது வந்தாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மற்ற நாட்களில் பாட்டியின் மடி இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது, ஒரு கிண்ணம் எண்ணெயும் இருக்கிறது. அது தோலோடு நிற்கட்டும்.