எக்கிருமி எம்மருந்துக்கு அடங்கும்?

நோயின் முதல் அறிந்து மருந்து செய்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. இக்காலத்துச் சோதனைச்சாலை அந்நெறியைக் கைக்கொள்ளும் வகையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்களுள் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதெனக் கொள்வோம். அவர் மலையிறங்கிப் பெரிய மருத்துவமனையை நாடல் வேண்டும். அத்தகையதொன்று வேலூரில் உளது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு வைத்தியசாலையே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் செய்து வருகின்றது.

புற்றுநோய்க்குரிய கடுமருந்துகள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் அழிக்கின்றன. அவற்றுள் நியூட்ரோபில் என்னும் வகை, ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 500-க்குக் குறையுமாயின் அபாயம் பெரிது. அவ்வுடல் காவலர் நீங்கிய கோட்டையை ஒக்கும். அந்நிலையில் காய்ச்சல் காணின், மருத்துவர் பல கிருமிகளையும் தாக்கவல்ல ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தாமதமின்றித் தொடங்குவர். ஆயினும், அதற்கு முன்னரே சோதனைக்குக் குருதி எடுத்துவிடுவர். மருந்து சென்றபின் எடுப்பின் கிருமி வளராது மறைந்துவிடக்கூடும்.

அக்குருதியில் வளர்ந்த கிருமியைப் பிரித்தெடுத்து, தட்டில் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு வார்த்த அகார்க் கூழின்மேல் சீராகப் பரப்புவர். மருந்தூறிய காகித வில்லைகளை அதன்மேல் இட்டு, 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைப்பர். மருந்துக்கு அடங்கும் கிருமி வில்லையைச் சூழ வளராமையால் தெளிந்த வட்டம் தோன்றும். அடங்காதது வில்லையின் அருகுவரை வளரும். வட்டத்தின் விட்டத்தை அளந்து, அவ்வம்மருந்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிடுவர். பாயர், கர்பி முதலியோர் 1966-இல் இம்முறையை ஒழுங்குபடுத்தினர். வட்டம் பெரிதாயிருத்தல் ஒன்றே கொண்டு மருந்து சிறந்ததெனத் துணிதல் கூடாது. கூழில் பரவும் தன்மை மருந்துக்கு மருந்து வேறுபடும்.

உடல்வலியுடையார்க்கு மருந்து கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தாலே பெரும்பாலும் போதும். எஞ்சியதை வெள்ளணுக்கள் முடிக்கும். சோதனைத் தட்டிலோ வெள்ளணுக்கள் இல. இந்நோயாளியின் குருதியிலும் அவை அருகின. ஆதலின், தட்டில் அடங்காத கிருமி அவருடலில் அடங்கும் என நம்புதற்கு இடமில்லை. முடிவு வந்தபின் மருத்துவர் பொருந்தா மருந்தை நீக்கிப் பொருந்துவதைத் தருவர். சில மில்லிமீட்டர் அளவில் ஓருயிர் நிற்கின்றது என்க.

மருந்தைக் குறையளவில் உண்டால் கிருமிகள் அதற்கு அடங்காதனவாகும் என்று பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945-இலேயே எச்சரித்தார். சாதாரணச் சளிக்கும் மருத்துவரைக் கேளாமல் இம்மருந்துகளை வாங்கி உண்போமாயின், காவலற்ற உடலினர்க்கு எஞ்சியுள்ள ஒரே படைக்கலத்தையும் நாமே மழுக்கியவராவோம்.