வீடும் சட்டமும் – 9: ஜன்னல் திரைக்கும் அபராதம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி இருக்கிறது பேஜ்டேல். மக்கள்தொகை சுமார் 3,300. பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சொந்த வீடு இருந்தும் கையில் காசு தங்காத குடும்பங்கள் நிறைய. 2014-இல் இந்தச் சிற்றூர் நிர்வாகம், போக்குவரத்துக்குச் சம்பந்தமே இல்லாத விதிமீறல்களுக்காக மட்டும் 2,255 அபராதச் சீட்டுகளை எழுதித் தள்ளியது. வீட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு!

அப்படி என்ன குற்றம் செய்தார்கள்? சுவரில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. வாசலில் கொசுவலைக் கதவு இல்லை. ஜன்னல் திரை ஒழுங்காகத் தொங்கவில்லை. வேலிச்செடி மூன்றடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. வீட்டு முன்புறத்தில் அடுப்பு வைத்து இறைச்சி சுட வேண்டுமானால், அது தேசிய விடுமுறை நாளாக இருக்க வேண்டும் என்றுகூட ஒரு விதி இருந்தது.

கஜானாவுக்கு ஒரு குறுக்குவழி

செயின்ட் லூயிஸ் மாவட்டம் தொண்ணூறு சிற்றூர்களாகச் சிதறிக் கிடந்தது. வரி வருமானம் போதாத ஊர்கள் அபராதத்தை நம்பியே காலம் தள்ளின. அதே மாவட்டத்தின் ஃபெர்குசனில் 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைப் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்ற பிறகுதான் இது நாடறிந்த செய்தியானது. அடுத்த ஆண்டு மத்திய நீதித்துறை வெளியிட்ட அறிக்கை, அந்த ஊரின் காவல்துறையும் நீதிமன்றமும் வருமானத்தைக் குறிவைத்தே இயங்கியதை அம்பலப்படுத்தியது.

போக்குவரத்து அபராதத்திலிருந்து ஒரு ஊர் எவ்வளவு வருமானம் எடுக்கலாம் என்பதற்கு மாநிலச் சட்டத்தில் உச்சவரம்பு இருந்தது. 2015-இல் அதை மேலும் இறுக்கினார்கள். ஆனால் வீட்டு அபராதங்கள் அந்த வரம்புக்குள் வரவில்லை. சாலையில் கிடைக்காததை வாசலில் வசூலிக்க வழி திறந்தே இருந்தது. 2016-இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

அதற்குள் பேஜ்டேல் வீட்டுக்காரர்கள் சிலர் துணிந்துவிட்டார்கள். 'இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ்' என்ற சட்ட அமைப்பின் உதவியோடு 2015 நவம்பரில் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அபராதப் பணத்தை நம்பி பட்ஜெட் போடும் நிர்வாகம் நியாயமாக விசாரிக்குமா என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. 2018-இல் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு உடன்பாடு ஏற்பட்டது. அபத்தமான விதிகளை நீக்கவும் நீதிமன்ற நடைமுறைகளைச் சீர்திருத்தவும் நிர்வாகம் சம்மதித்தது.

பாதுகாப்பா, வசூலா?

கட்டட விதியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழுதான மின் இணைப்பும் சரியக் காத்திருக்கும் கூரையும் பக்கத்து வீட்டுக்காரர் உயிரையும் வாங்கும். ஆனால் பெயின்ட் வாங்க வைத்திருந்த பணத்தை அபராதமாகக் கட்டிவிட்டால், சுவர் அப்படியேதான் நிற்கும். அடுத்த மாதம் அதே சுவருக்கு இன்னொரு சீட்டு வரும். விதியின் நோக்கம் வீடு சீராவதுதான் என்றால், இந்த வழியில் அது ஒருநாளும் நிறைவேறாது.

மிதமிஞ்சிய அபராதத்துக்கு அரசியல் சட்டம் விதித்திருக்கும் தடை மாநிலங்களையும் உள்ளூர் நிர்வாகங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் தினக்கூலியில் குடும்பம் நடத்துபவர் வக்கீல் வைத்து வழக்காடி வெல்லும் வரை காத்திருக்க முடியாது. எந்த ஊரிலும் ஆய்வாளர் எழுதும் சீட்டுக்கும் ஊர்க் கஜானாவுக்கும் உள்ள தொடர்பை அறுக்க வேண்டும். பழுதைச் சுட்டிக்காட்டும் கையே அதைச் சரிசெய்யவும் உதவ வேண்டும்.

இது கனவல்ல. வசதியற்ற வீட்டுக்காரர்களின் கூரை, மின் இணைப்பு, குழாய்ப் பழுதுகளை ஃபிலடெல்ஃபியா நகரம் தன் செலவிலேயே சரிசெய்து தருகிறது. அந்த நகரம் இருக்கும் பென்சில்வேனியா மாநிலம், 2022-இல் இதே நோக்கத்துக்காக 12.5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தத் திட்டம் எப்படி உருவானது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)