இரண்டு வர்த்தமானிகள்: சட்டம் இருந்தால் மட்டும் போதுமா?

2020 ஏப்ரல் 11ஆம் திகதி சுகாதார அமைச்சு வெளியிட்ட வர்த்தமானியை எமது சமூகம் இலகுவில் மறந்துவிடாது. கொவிட்-19 தொற்றினால் மரணித்தவர்களின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். ஜனாஸாக்களை அடக்க அனுமதியுங்கள் என்று நாம் கேட்ட போதெல்லாம் கிடைத்த பதில், இது சட்டம், சட்டம் எல்லோருக்கும் பொதுவானது என்பதுதான். "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்ற கோஷமும் அக்காலத்தில் உச்சத்தில் இருந்தது.

அந்தப் பதிலில் ஓர் உண்மை இருந்தது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், இவ்வாறான ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியிருந்தது. அமைச்சர் ஒப்பமிட்டார். வர்த்தமானியில் வெளியானது. தாளில் பார்த்தால் எல்லாம் முறைப்படியே நடந்திருக்கின்றது. அப்படியானால் எமக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று எந்த அடிப்படையில் சொல்கின்றோம்? மார்க்கக் கடமை மறுக்கப்பட்டது என்பது எமது பதில். அது எமக்குப் போதுமானது. ஆனால் எமது மார்க்கத்தைப் பின்பற்றாத ஒருவருக்கும் விளங்கக்கூடிய இன்னொரு பதிலும் இருக்கின்றது. அதுதான் சட்டத்தின் ஆட்சி.

சட்டம் இருப்பதும் சட்டத்தின் ஆட்சி இருப்பதும் ஒன்றல்ல. தென்னாபிரிக்காவின் நிறவெறி அரசு சட்டமில்லாமல் ஆளவில்லை. எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வசிக்கலாம் என்பதைக்கூட 1950இல் பாராளுமன்றத்தில் சட்டமாக நிறைவேற்றியே தீர்மானித்தது. அங்கே ஆட்சியாளர் கையில் சட்டம் ஒரு தடி. சட்டத்தின் ஆட்சியில் அந்தத் தடி ஆட்சியாளரின் தலைக்கு மேலும் தொங்க வேண்டும். கட்டளையிடுபவர் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அந்தக் காரணத்தைச் சவாலுக்குட்படுத்த ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் இருப்பவர் யாருக்கும் அஞ்சாமல் தீர்ப்புச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு எமது நாட்டிலேயே இன்னொரு வர்த்தமானி சாட்சியாக இருக்கின்றது.

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். பாராளுமன்றத்தில் பெரும்பான்மையைக் காட்ட முடியாமல் போகவே, நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்து வர்த்தமானி வெளியிட்டார். ஆனால் பாராளுமன்றம் கூடி நான்கரை வருடங்கள் பூர்த்தியாகும் வரை, மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் பாராளுமன்றமே கேட்டாலன்றி அதைக் கலைக்க முடியாது என்று 19ஆவது திருத்தம் கூறியது. 2015இல் தெரிவான பாராளுமன்றத்துக்கு அந்தக் காலம் வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

எதிர்த்தரப்புக் கட்சிகள் உயர் நீதிமன்றம் சென்றன. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் அகில இலங்கை மக்கள் காங்கிரஸும் அவற்றில் அடங்கும். நவம்பர் 13ஆம் திகதி இடைக்காலத் தடை கிடைத்தது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஏகமனதாக அந்த வர்த்தமானி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். நிறைவேற்று அதிகாரம் கொண்ட, முப்படைகளின் தளபதியான ஜனாதிபதியின் ஒப்பம் வெறும் மையாகிப் போனது. அந்தத் தீர்ப்பில் காரணங்கள் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. பிடிக்காதவர்களும் வாசித்து மறுத்துரைக்கலாம்.

இனி 2020இன் வர்த்தமானிக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே, தொற்றினால் இறந்தவரை அடக்கவும் முடியும் எரிக்கவும் முடியும் என்று வழிகாட்டியிருந்தது. எமது சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலும் அடக்கத்தை அனுமதித்திருந்தது. மார்ச் மாத இறுதியில் நீர்கொழும்பில் முதலாவது முஸ்லிம் மரணம் நிகழ்ந்து ஜனாஸா எரிக்கப்பட்டது. அதையடுத்து வழிகாட்டல் மாற்றப்பட்டது. பின்னர் வர்த்தமானி வந்தது. அடக்கினால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

இங்கே அரசியலமைப்பு என்ன சொல்கின்றது என்று பார்ப்பது பயனுள்ளது. மார்க்கத்தைப் பகிரங்கமாக அனுஷ்டிக்கும் உரிமை 14ஆம் உறுப்புரையில் இருக்கின்றது. பொதுச் சுகாதாரத்துக்காக அந்த உரிமையைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆகவே அரசாங்கத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதிட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கட்டுப்பாடு உண்மையில் சுகாதாரத்துக்குத் தேவைதானா? அதற்கு ஆதாரம் எங்கே? மற்ற நாடுகள் அடக்கும்போது இங்கு மட்டும் ஏன் முடியாது? நீதிமன்றம் ஒன்று இருப்பதே இப்படியான கேள்விகளை அரசாங்கத்திடம் கேட்டுப் பதில் வாங்குவதற்காகத்தான்.

அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. மனுதாரர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 2020 டிசம்பர் 1ஆம் திகதி மூன்று நீதியரசர்கள் கொண்ட அமர்வு, பெரும்பான்மை முடிவாக, மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலேயே தள்ளுபடி செய்தது. காரணம் கூறப்படவில்லை.

தோற்றது மட்டுமாக இருந்திருந்தால் வேறு விடயம். வழக்கென்றால் ஒரு தரப்புத் தோற்கத்தான் செய்யும். ஆனால் ஏன் தோற்றோம் என்பதை அறியும் உரிமைகூட அந்த மனுதாரர்களுக்குக் கிடைக்கவில்லை. நிலத்தடி நீர் பற்றிய வாதம் ஒரு நாளாவது சத்தியத்தின் கீழ் குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை. அதே மாதத்தில்தான் 20 நாட்களேயான குழந்தையொன்றின் உடல் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். நீதிமன்றக் கதவு மூடியபின் எஞ்சியிருந்தது அந்த வேலிதான்.

பிறகு எப்படி அடக்க அனுமதி கிடைத்தது? 2021 பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் அனுமதிக்கப்படும் என்றார். அடுத்த நாளே அது பின்வாங்கப்பட்டது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து திரும்பிய கையோடு, ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியிருந்த வேளையில், பெப்ரவரி 25ஆம் திகதி புதிய வர்த்தமானி வந்தது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கங்கள் ஆரம்பமாகின. பெப்ரவரி மாதத்தில் விஞ்ஞானம் மாறிவிடவில்லை. மாறியது இராஜதந்திரக் கணக்கு. எமது உரிமை எமக்கு உரிமையாகத் திரும்பி வரவில்லை, சலுகையாக வந்தது. சலுகையாகத் தந்தவர் நாளை அதை மீளப் பெற்றுக்கொண்டால் எதைக் காட்டிக் கேட்பது? 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது நல்லதுதான். ஆனால் அந்த வர்த்தமானி சட்டவிரோதமானது என்று சொல்லும் தீர்ப்பு ஒன்று இன்னொரு சமூகத்தையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கும். மன்னிப்பினால் அது முடியாது.

இந்தக் கதையில் எமக்குக் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் நிறைவேறியது. உயர் நீதிமன்ற நீதியரசர்களை நியமிக்கும்போது ஜனாதிபதியைக் கட்டுப்படுத்திய அரசியலமைப்புப் பேரவையை அது இல்லாமலாக்கி, அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய ஒரு சபையை வைத்தது. அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தியவர்களில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் இருந்தார்கள். ஜனாஸா விடயத்தில் சாதகமான முடிவு வரும் என்ற எதிர்பார்ப்பும் அதற்குக் காரணமாக அப்போது பேசப்பட்டது. எதிர்பார்த்தது நான்கு மாதங்களாக வரவில்லை. அரசாங்கத்தைத் தட்டிக்கேட்க வேண்டிய நீதிமன்றத்தின் சுதந்திரத்தைப் பலவீனப்படுத்த வாக்களித்துவிட்டு, அதே அரசாங்கத்திடம் கருணையை எதிர்பார்ப்பது நல்ல பேரம் அல்ல. 2022இல் 21ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்புப் பேரவை மீண்டும் வந்தது. அந்தப் படிப்பினை எமது அரசியலில் பதிந்திருக்கின்றதா என்பது எனக்குச் சந்தேகமே.

சட்டம் எழுதப்பட்டிருப்பது ஒன்று, யார்மீது பாய்கின்றது என்பது இன்னொன்று. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று நாம் அழைக்கும் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மதக் குரோதத்தைத் தூண்டுவதைக் குற்றமாக்குகின்றது. சிறுபான்மையினரைப் பாதுகாக்கக்கூடிய நல்ல பிரிவு அது. 2014 ஜூன் 15இல் அளுத்கமயில் மேடைப் பேச்சுக்குப் பின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அந்தப் பிரிவு அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் 2020 ஏப்ரலில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்துக்குப் பேனையாலும் கணினியாலும் பதில் சொல்ல வேண்டும் என்று முகநூலில் எழுதிய ரம்ஸி ராஸிக் அதே சட்டத்தின் கீழ் கைதானார். ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. கதவு சில வேளை தாமதித்தாவது திறக்கின்றது என்பதற்கு இதுவும் சான்று.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைவிடப் பாரதூரமானது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தையே நீதிமன்றில் சான்றாக வைக்க அது இடமளிக்கின்றது. வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதை நிரூபிக்கும் சுமை சந்தேக நபரின் தலையில். அமைச்சரின் கட்டளையின் பேரில் 18 மாதங்கள் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது, 2022 திருத்தத்தில்தான் 12 மாதங்களாகக் குறைந்தது. கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் இச்சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவரது "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் போதிப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டது. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் இருபத்திரண்டு மாதங்கள் அளவில் உள்ளே இருந்தார். சட்டம் தெரிந்தவருக்கே அந்த நிலை.

இந்தச் சட்டம் 1979இல் மூன்று வருடங்களுக்கென்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. முப்பது வருடங்களாகத் தமிழ் இளைஞர்கள் இதன் கீழ் அள்ளிச் செல்லப்பட்டபோது எமது பள்ளிவாசல் சம்மேளனங்களும் கட்சிகளும் எவ்வளவு பேசின? வடக்கிலிருந்து 1990இல் புலிகளால் வெளியேற்றப்பட்ட, காத்தான்குடியில் ஸுஜூதில் சுடப்பட்ட சமூகத்துக்கு அந்த மௌனத்துக்கான காரணங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2019க்குப் பின் எமது வீட்டுக் கதவைத் தட்டியது அதே சட்டம்தான். இன்னொருவர்மீது பாயும்போது நாம் கண்டுகொள்ளாத பிரிவுகள் ஒவ்வொன்றும் எமக்காகவும் காத்திருந்தன.

பொதுவாழ்விலும் எமக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடசாலை அனுமதி என்றாலும், இடமாற்றம் என்றாலும், காணிப் பிரச்சினை என்றாலும் முதலில் தேடுவது ஆளை. எந்த அமைச்சர், யாருடைய மச்சான், எந்தப் பொறுப்பதிகாரி தெரிந்தவர் என்றுதான் விசாரிக்கின்றோம். மக்ஸூம் கோத்திரத்து உயர்குலப் பெண் ஒருவர் திருடியபோது, நபி (ஸல்) அவர்களிடம் அவருக்காகப் பரிந்து பேச உஸாமா (ரழி) அவர்களை அனுப்பிய சம்பவம் எமது குத்பாக்களில் அடிக்கடி வருகின்றது. நபியவர்கள் அந்தச் சிபாரிசைக் கோபத்துடன் நிராகரித்தார்கள். மிம்பரில் அதைக் கேட்டுவிட்டு, ஜும்ஆ முடிந்ததும் சிபாரிசுக் கடிதத்துக்கு எம்.பி.யின் வீட்டு வரிசையில் நிற்பவர்கள் எங்களுக்குள் குறைவல்ல. ஆள் பிடித்து வாழப் பழகிய சமூகத்துக்கு, ஆள் கைவிடும்போது பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருப்பதில்லை. 2020இல் அமைச்சரவையிலும் எமது ஆள் இருந்தார்.

இறுதியாக, ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள். எமது அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுப்படுத்திய பின் ஒரு சட்டத்தின் செல்லுபடித் தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. அதனால் சட்டமூலம் வெளியாகும்போதே வாசிக்க வேண்டியிருக்கின்றது. பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டு 14 நாட்களுக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் அதைச் சவாலுக்குட்படுத்தலாம். வர்த்தமானிகளும் பொலிஸ் நடவடிக்கைகளும் அப்படியல்ல. அவற்றுக்கெதிராக 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுத் தாக்கல் செய்யலாம், ஆனால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்திருந்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், விசாரணை நடந்தது என்பதற்கு நீதிமன்றம் ஆதாரம் கேட்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கைதானால் 48 மணித்தியாலங்களுக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது கைது செய்த அதிகாரியின் கடமை. அறிவித்தார்களா என்று குடும்பத்தவர்கள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் நேரடியாகவே கேட்கலாம்.