கணக்கேடு போனாலும் எல்லைக்கல் இருக்கும்

ஹார்ட் டிஸ்க் சுழலும் ஓசை கேட்கிறது. ஆனால் 'டி' டிரைவைக் காணோம். பல வருடக் குடும்பப் படங்கள் இருந்த இடத்தில், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிறது விண்டோஸ். பதற்றத்தில் சிலர் 'சரி' என்று அழுத்திவிடுகிறார்கள். மீட்டிருக்கக்கூடிய படங்கள் கைநழுவுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

தொலைந்தது என்ன? எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில், முதல் செக்டரின் அளவு 512 பைட். அதில் வெறும் 64 பைட்தான் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் பிரிவுகள், பற்றிய அட்டவணை. பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்குக்கு இடம். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்ற குறிப்பு அதில் இருக்கும். 1983இல் பிசி டாஸ் 2.0 காலத்து ஏற்பாடு இது. ஒரு டெராபைட் தகவலுக்கு வழிகாட்டும் இந்தத் துளி கெட்டால் டிஸ்க்கே காலியாகத் தெரியும். படங்களோ வைத்த இடத்திலேயே இருக்கும்.

கிராமத்தில் அ-பதிவேடு எரிந்துபோனால் வயல் எரிந்துவிடுவதில்லை. சர்வேயர் வந்து எல்லைக்கல்லைத் தேடி அளப்பார். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருள் செய்வதும் அதுதான். ஒவ்வொரு பார்ட்டிஷனின் தலைமாட்டிலும் பூட் செக்டர் இருக்கும். டிஸ்க்கை வரிசையாகப் படித்து அதைத் தேடிப் பிடிக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகையில் பூட் செக்டரின் நகல் பார்ட்டிஷனின் கடைசியிலும் இருப்பதால், தலை சிதைந்தாலும் வால் காட்டிக்கொடுத்துவிடும். கிடைத்த எல்லைகளை வைத்து அட்டவணையைத் திரும்ப எழுதலாம். ஜிபிடி என்ற புதிய முறையிலோ, அட்டவணைக்கே டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகல் உண்டு.

எல்லைக்கல்லும் இல்லாவிட்டால், கிரெனியேயின் இன்னொரு மென்பொருளான 'போட்டோரெக்' கைகொடுக்கும். ஜேபெக் படம் எதுவானாலும் தொடக்க பைட்டுகள் ஒன்றுபோலவே இருக்கும். அந்த அடையாளத்தை வைத்துப் படங்களைப் பொறுக்கி எடுக்கும். கோப்பின் பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகள் முழுதாக வருவதும் அரிது.

சிதறாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொலம்பியா விண்கலமே சான்று. 2003 பிப்ரவரி 1 அன்று அது சிதறியதில் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் இறந்தார்கள். செனான் வாயு பற்றிய சோதனைத் தகவல் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று இடிபாடுகளில் கருகிக் கிடந்தது. கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அதன் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிஸ்க்கில் பொருத்திப் படித்தார்கள். டாஸ் முறையில் தகவல் ஓரிடத்தில் சேர்ந்து பதிவாகியிருந்தது, சேதமோ காலியிடத்தில். ஏறக்குறைய எல்லாமே கிடைத்தது. 2008இல் ஆய்வு முடிவுகள் வெளியாயின.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் இவ்வளவு இரக்கம் காட்டாது. ஃபார்மட் செய்ததும் 'டிரிம்' என்ற கட்டளை போய், பழைய தகவலைத் துடைக்கச் சொல்லிவிடும். அதன்பின் மீட்பது அநேகமாக நடக்காத காரியம்.

ஆகவே, ஃபார்மட் கேட்டால் 'கேன்சல்' அழுத்துங்கள். அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். முதலில் முழு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளையும் ஓட்ட வேண்டாம். உடனே கழற்றி, டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள்.