கசப்பு மருந்தும் சாயத்தண்ணியும்

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் காலையிலேயே அம்மா கொழுந்துக்குப் போக வேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வாயை இறுக மூடும், துப்பும், சத்தி எடுக்கும். பிடிவாதம் என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு. அந்த அடி நியாயமே இல்லை.

கசப்பை உணர்வதற்கென்றே மனிதருக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன. நச்சுத் தாவரங்கள் பல கசப்பவை என்பதால் உடல் வைத்திருக்கும் காவல் இது. ஜூலி மெனெல்லா என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, இந்த ஏற்பிகளில் ஒன்றை அமைக்கும் மரபணுவைத் தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டது. அந்த மரபணுவின் இரு வடிவங்களும் கலந்திருந்தவர்களில், பெரியவர்களுக்குத் தெரியாத மெல்லிய கசப்பும் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அம்மா ஒரு சொட்டை நக்கிப் பார்த்து "கசக்கவே இல்லையே" என்றால் அது அவர் நாக்குக்கு உண்மை. பிள்ளைக்கு அது கசப்பாகவே இருக்கலாம்.

ஆகவே, நாக்கின் நடுவில் ஊற்றாமல், பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது நல்லது. அளவும் அப்போது சரியாக இருக்கும். வீட்டுத் தேக்கரண்டிகள் எல்லாம் 5 மில்லிலீற்றர் கொள்ளுவதில்லை. ஒரு வயதாகாத பிள்ளைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கவே கூடாது.

மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைப்பது உயிராபத்து. எத்தியோப்பியாவில் 2007இல் பூச்சிக் குளிசை கொடுத்தபோது, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சிலர் அது தொண்டையில் சிக்கி இறந்தார்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் குளிசையைப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து கொடுக்கும்படியும், அழுது திமிறும்போது திணிக்காமல் விடும்படியும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். நம் தோட்டங்களில் பூச்சிக் குளிசை கொடுப்பது சின்ன விஷயமல்ல. இங்கே பூச்சி மருந்துத் திட்டம் 1994இல் தொடங்கியது. பத்தாண்டு மருந்துக்குப் பிறகும், தோட்டப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்துக்கு மூன்று பேரிடம் குடற்புழு இருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பிள்ளைகள் இந்த மருந்தை இன்னும் பலமுறை விழுங்க வேண்டியிருக்கும். முதல் முறையே பயந்துவிட்டால் அடுத்த முறை குளிசையைக் கண்டாலே ஓடுவார்கள்.

குடற்புழுக்களில் ஒன்றான கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறைந்த பிள்ளைக்கு இரும்புச்சத்துப் பாணி தருவார்கள். அந்தப் பாணியின் வாடை போக உடனே ஒரு மிடறு சாயத்தண்ணி கொடுப்பதுதான் எனக்குப் பெரும் கவலை. தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தாலே அதிலுள்ள இரும்பில் உடலில் சேர்வது பாதிக்கும் கீழே குறையக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அம்மா பறித்த கொழுந்தே பிள்ளையின் மருந்தை வீணாக்க வேண்டாம். பாணியோடு தேசிக்காய்த் தண்ணீரோ கொய்யாப்பழமோ கொடுங்கள், விற்றமின் சி இரும்பு சேர உதவும். சாயத்தண்ணி வேண்டுமென்றால் ஓரிரு மணி நேரம் போகட்டும். பாணி குடிக்கும் நாட்களில் மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

காய்ச்சலுக்கான பனடோல் பாணியிலும் கவனம் வேண்டும். அதை அம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வர, அது தெரியாமல் காம்பராவில் மறுபடி கொடுத்தால் ஈரலுக்கு ஆபத்து. எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு துண்டில் தமிழில் எழுதிப் போத்தலோடு கட்டி அனுப்புங்கள். இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது.